இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினீர்கள்

மாமா,

இன்று காலை லேபில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே குடவாசல் கடைத்தெருவில் யாரோ வண்டியை ஓரம் கட்டிவிட்டு இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டார்கள். கீக், கீக், கீக் என்று கத்திக்கொண்டே இருந்தது. நம் வண்டிக்குப் போட்டிருந்தோமே, அதே பஸ்ஸர். அதே சத்தம்.

நான் ஊசியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "என்னம்மா, நரம்பு கெடைக்கலியா?" என்றார் பெரியவர்.

"கெடச்சிடுச்சுங்கய்யா" என்று சொல்லிக் குத்தினேன். முதல் தடவையிலேயே ரத்தம் வந்தது. கை நடுங்கவில்லை. ஆறு மாதமாக எனக்கு எதற்கும் கை நடுங்குவதில்லை. குழாயில் பெயர் எழுதி ஒட்டினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சத்தம் நின்றபோது நான் கவனிக்கவில்லை. மதியம் சாப்பிடும்போதுதான், அது நின்றுவிட்டது என்று தெரிந்தது.

அதனால் இதை எழுதுகிறேன். எழுதி யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

போன மாசியில் அறுப்பு முடிந்த கையோடு நீங்கள் என்னிடம் வந்து நின்றது நினைவிருக்கிறது. நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அத்தை கடைக்குப் போயிருந்தார். அவர் போகட்டும் என்றுதான் காத்திருந்தீர்கள் என்று பிறகு புரிந்தது.

"செல்வி, ஒனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியுமா?"

"காலேஜ் படிக்கிறப்ப அண்ணன் வண்டி ஓட்டிருக்கேன் மாமா. ஏன்?"

"எனக்குக் கத்துக் குடும்மா."

சிங்கப்பூருக்குப் போன உங்கள் மகனின் வண்டி மூன்று வருடமாக மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. உங்களுக்கு முழங்கால் தேய்ந்துபோய், சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குத்தகை நிலமோ ஆறு கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தினம் இரண்டு தடவை போய் வந்தாக வேண்டும். அறுபத்தொரு வயது உங்களுக்கு.

"ஊர்ல வேற யாருகிட்டயும் கேக்கலியா மாமா?"

"அவனுங்க சிரிப்பானுங்க. நீ சிரிக்க மாட்ட."

நான் சிரித்தேன், மாமா. உங்களுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். காய்ந்த நெற்களத்தில் கிளட்சை ஒரேயடியாக விட்டு வண்டி துள்ளித் துள்ளி அணைந்தபோதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தால் முகத்தைத் துடைப்பதுபோல் நின்றேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "இந்த வயசுல கை கால ஒடச்சிக்கிட்டா யாரு தூக்குறது?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நீங்கள்தான், "அவள ஏன் கேக்குற, நான்தான் கேட்டேன்" என்றீர்கள்.

கிளட்ச் பத்து நாளில் கைக்கு வந்துவிட்டது. கியர் அதற்கடுத்த வாரம். உங்களுக்கு வராமல் போனது இண்டிகேட்டர் ஒன்றுதான்.

நாற்பது வருடம் சைக்கிள் ஓட்டியவர் நீங்கள். திரும்ப வேண்டுமென்றால் கையை நீட்டுவீர்கள். வண்டியிலும் கையை நீட்டினீர்கள். ஒரு கை கைப்பிடியை விட்டதும் வண்டி ஆடியது. நான் ஓடிவந்து பிடித்தேன்.

"கைய விடக் கூடாது மாமா. கட்டைவிரலால இத வலது பக்கம் தள்ளுங்க. அவ்வளவுதான்."

"கையக் காட்டுனா அவன் என் மூஞ்சியப் பாப்பான். லைட்டப் போட்டா லைட்டத்தான பாப்பான்?"

"லைட்டப் பாத்தாப் போதும் மாமா."

அதற்குப் பிறகு நீங்கள் போட்டீர்கள். ஆனால் எப்போது போடுவது என்பதில்தான் நமக்குள் ஒரு மாதம் சண்டை. முதலில் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். வாய்க்கால் ரோடு முழுக்க அது எரிந்துகொண்டே வந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், "என்னண்ணே, வாய்க்காலுக்குள்ள எறங்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். அப்புறம் நேர்மாறாக, பாதி திரும்பிய பிறகு போட்டீர்கள். ஒருநாள் திரும்பி முடித்தும் அணைக்காமல் போய், பின்னால் வந்த பஸ் உங்களுக்காக ஒதுங்கி ஒதுங்கிக் களைத்துப்போய், டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, திரும்புவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டார். அன்று மாலைதான் மெக்கானிக்கிடம் சொல்லி அந்தப் பஸ்ஸரைப் போட்டேன். எரியும்வரை கத்தும், மறக்க முடியாது என்று.

நான் ஒரு அளவு வைத்துக் கொடுத்தேன். மெயின் ரோட்டில் போகும்போது வயலுக்குத் திரும்பும் மண் ரோட்டுக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறதல்லவா, அது கண்ணில் பட்டதும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது இண்டிகேட்டர். வேகத்தைக் குறைத்துக்கொண்டே ரோட்டின் நடுவுக்கு வர வேண்டும். எதிரே வண்டி இல்லை என்றால் திரும்ப வேண்டும். மண் ரோட்டில் இறங்கியதும் அணைக்க வேண்டும்.

"ரோட்டுல ஒருத்தனும் இல்லன்னா?"

"இல்லாட்டியும் போடுங்க மாமா. கை பழகணும்."

"யாருக்கும்மா காட்டுறது அப்ப?"

"எனக்குக் காட்டுங்க."

நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே வருவேன். நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். சித்திரை வெயிலில் ஆளில்லாத ரோட்டில், டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது மஞ்சள் விளக்கு எரியும். கீக், கீக், கீக். பிறகு மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பும்போதுகூடப் போட ஆரம்பித்தீர்கள். அத்தை சாணி அள்ளிக்கொண்டே, "மாடு ஒதுங்கிக்கும், வாங்க" என்றார். அன்று மூன்று பேரும் சிரித்தோம்.

இதுவரைக்கும் எழுதியது எல்லாம் எளிது. இனிமேல்தான் சொல்ல வேண்டியது வருகிறது.

உங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மெயின் ரோட்டில் வலது பக்கம் போக வேண்டுமென்றால் சைக்கிளை இடது ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ரோடு காலியான பிறகு தள்ளிக்கொண்டே கடப்பீர்கள். வண்டியிலும் முதல் பத்துப் பதினைந்து நாள் அப்படித்தான் செய்தீர்கள். ஓரமாக நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்து, ஐந்து நிமிடமானாலும் காத்திருந்து, பிறகு மெல்லக் கடந்தீர்கள்.

நான்தான் வேண்டாம் என்றேன். "ஓரமா நின்னுட்டுக் குறுக்க வெட்டுனா வர்றவனுக்குப் புரியாது மாமா. லைசென்ஸ் டெஸ்ட்லயும் ஒத்துக்க மாட்டாங்க. எல்லாரும் திரும்புற மாதிரித் திரும்புங்க."

"எனக்கு இதுதான் தெம்பா இருக்கு செல்வி."

"நடுவுக்கு வாங்க மாமா. இண்டிகேட்டர் போட்டா பின்னாடி வர்றவன் நிப்பான்."

நிப்பான் என்று சொன்னேன். அதே வார்த்தை. எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. நீங்கள் கடைசியில் ஒத்துக்கொண்டீர்கள்.

வைகாசியில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் நீங்கள் எட்டு போட்டதை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உங்கள் முறைக்கு முன்னால் போன மூன்று காலேஜ் பையன்களும் காலை ஊன்றிவிட்டார்கள். நீங்கள் ஊன்றவில்லை. ஆனால் வலது வளைவுக்கு வலது இண்டிகேட்டர், இடது வளைவுக்கு இடது இண்டிகேட்டர் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சுற்றினீர்கள். மைதானம் முழுக்கக் கீக் கீக் என்று கேட்டது. இன்ஸ்பெக்டர், "ஐயா, எட்டுக்கு இண்டிகேட்டர் வேண்டாங்க" என்றார்.

"மருமவ போடச் சொல்லிருக்குங்க" என்றீர்கள்.

அவர் வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகனுக்கு வீடியோ காலில் லைசென்ஸ் எடுத்த கதையைச் சொன்னீர்கள். அவர் நம்பவில்லை. நான் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் நம்பினார்.

ஆடியில் ஒரு புதன்கிழமை. குறுவையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஏழரை மணிக்கு நீங்கள் கிளம்பினீர்கள். நான் லேபுக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டீர்களா என்று உள்ளேயிருந்து கேட்டேன். போட்டிருக்கேன் என்றீர்கள். அவ்வளவுதான் நாம் பேசியது. எட்டு மணிக்கு முன்னால் போன் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி, வீடு, எடுத்தது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கூட்டத்தில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது மட்டும் முழுசாகக் கேட்டது. "மருமவதான் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்துச்சாம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அத்தை எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் தலை நிமிரவில்லை. நான் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தேன். டம்ளர்களை எண்ணி வைத்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மோதியது ஒரு மினி லாரி. அதன் டிரைவர் ஸ்டேஷனில், பெரியவர் இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று குறுக்கே திரும்பிவிட்டார் என்று சொல்லியிருந்தார். அப்படியே எழுதியும் இருந்தார்கள். ஊரிலும் அதையே பேசினார்கள். வயசானவர், புதுசா கத்துக்கிட்டவர், பதற்றத்துல திரும்பிருப்பார் என்று. உங்கள் மகன் வந்த மறுநாள், கொல்லையில் வைத்து என்னிடம் கேட்டார்.

"அப்பா இண்டிகேட்டர்லாம் ஒழுங்காப் போடுவாரா?"

போடுவார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "தெரியலங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். நீங்கள் மறந்துபோயிருந்தால், அது உங்கள் தவறு. நான் சொல்லிக் கொடுத்ததில் தவறில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது, மாமா. உங்களிடம் சொல்லாத ஒன்று என்று எழுதினேனே, அது இதுதான். நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

நான்காம் நாள் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வேப்பமரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் நேராக இடது கைப்பிடியைத்தான் பார்த்தேன். இண்டிகேட்டர் பொத்தான் வலது பக்கம் தள்ளியபடி இருந்தது. உங்கள் மகன் அதை எஸ்.ஐ.யிடம் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "விழுந்த வேகத்துல தள்ளிருக்கலாம் தம்பி. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

அன்று சாயங்காலம் வளர்மதி அக்கா வீட்டுக்கு வந்தார். நம் வயலில் களை எடுக்க வருவாரே, அவர்தான். வாசலில் நின்றுகொண்டே, "தம்பி இருக்காங்களா?" என்று கேட்டார். உள்ளே வரச் சொல்லியும் நின்றபடியேதான் பேசினார்.

"இண்டிகேட்டர் போடலன்னு எழுதிருக்காங்களாமே. அது பொய்யிங்க தம்பி. நான் குனிஞ்சு களை பறிச்சிக்கிட்டிருந்தேன். கீக்கு கீக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஐயா வந்துட்டாருன்னுதான் நிமிந்து பாத்தேன். தெனம் அந்தச் சத்தத்த வச்சுத்தான் நாங்க நிமிருவோம். மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் நடு ரோட்டுக்கு வந்தாரு. பின்னாடி ஒரு டிராக்டரு. அவன் லைட்டப் பாத்துட்டு வேகத்தக் கொறச்சான். அவன் கொறச்சதும், அவனுக்குப் பின்னாடி வந்த வண்டி அவன முந்திக்கிட்டு வயப் பக்கமா ஏறுச்சு."

உங்கள் மகன் படியிறங்கி அவர் அருகில் வந்தார். பிறகு, "ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களாக்கா?" என்று கேட்டார்.

"பாத்தத சொல்றதுக்கு என்ன? வர்றேன்."

மறுநாள் வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்தார். எஸ்.ஐ. அவரை உட்கார வைத்து, நிதானமாகக் கேட்டார். டிராக்டர் யாருடையது என்று தெரியாது என்றார் அக்கா. எரிந்தது வலது பக்க விளக்குதானா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று தடவையும் வலது கையைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம்" என்றார். லாரி டிரைவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "நான் டிராக்டர முந்துறதுலயே இருந்தேன் சார். அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாக்கல. லைட்டு எரிஞ்சுதா எரியலயான்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. எழுதியதைத் திருத்தினார்கள். வழக்கு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது உங்கள் மகன், "அப்பா மேல தப்பே இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு அது ஒரு நிம்மதி. உங்கள் பெயர் சுத்தமாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமும் அதைச் சொன்னார்.

எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். நீங்கள் டிரான்ஸ்பார்மரில் போட்டீர்கள். வேகத்தைக் குறைத்தீர்கள். நடுவுக்கு வந்தீர்கள். நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. பின்னால் வந்தவன் நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் பழைய வழக்கப்படி ஓரமாக நின்றிருந்தால் டிராக்டரும் லாரியும் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். இது எனக்குத் தெரியும். வேறு யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் மகனிடமும் சொல்லவில்லை. அவர் கார்த்திகைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுச் சிங்கப்பூர் போனார், லீவு கிடைக்கவில்லை.

குத்தகையை விட்டுவிடலாம் என்று நினைத்தோம். அத்தை விட மாட்டேன் என்றார். குறுவை அறுப்பை வளர்மதி அக்காவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டார்கள். ஐப்பசியில் தாளடி நடவு. அன்று காலை நான் ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார்.

"வயலுக்குப் போவணும். கொண்டுபோய் விட்டுட்டு வேலைக்குப் போ."

அதுவரை அவர் என் வண்டியில் ஏறியதில்லை. என்னிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. வீட்டில் சோறு, உப்பு, பால் இவற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் டிரான்ஸ்பார்மர் வந்தது. போட்டேன். நடுவுக்கு வர என்னால் முடியவில்லை. வண்டி தானாக இடது ஓரத்துக்குப் போய் நின்றது. மண்ணில் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். ஒரு பஸ் போனது. நாற்றுக்கட்டு ஏற்றிய ஒரு வேன் போனது. பிறகு ரோடு காலியாக இருந்தது. அப்போதும் நான் எடுக்கவில்லை.

பின்னாலிருந்து அத்தை பேசினார். என் முதுகைப் பார்த்துத்தான் பேசியிருப்பார்.

"அன்னைக்கே ஒன்ன நாலு வார்த்த கேக்கணும்னு இருந்துச்சு."

"கேளுங்க அத்தை."

"கேட்டா நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவியோன்னு பயம். அவனும் இங்க இல்ல. நானும் தனியா என்ன பண்றது."

"நான் போவல அத்தை. கேளுங்க."

ஒரு கார் போனது. அதற்கப்புறம் இன்னொன்று. அத்தையின் கை என் தோளில் அப்படியே இருந்தது. இறுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"இப்ப வேணாம். நடவு ஆளுங்க வந்துருப்பாங்க. வண்டிய எடு."

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்தேன்.

இப்போது தை பிறந்துவிட்டது. தாளடி கதிர் வாங்கிவிட்டது, இந்த வருடம் பூச்சி அதிகமில்லை. வாரத்தில் நாலைந்து நாள் அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் லேபுக்குப் போகிறேன். மெயின் ரோட்டில் எத்தனை நேரமானாலும் ஓரமாக நிற்கிறேன். அத்தை அவசரப்படுத்துவதில்லை. அந்த நாலு வார்த்தையை அவர் இன்னும் கேட்கவில்லை. தினமும் அங்கே நிற்கும்போது, இன்று கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்டால் உங்களிடம் இங்கே எழுதியதை அவரிடம் சொல்வேன். ஓரமா நிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன் அத்தை என்று. அதுவரை அதை நான் வைத்திருக்கிறேன்.

செல்வி